டவுனுக்கு ஒரு நாள்: மண்டூர் – மட்டக்களப்பு, ஜூலை 2021

ஜூலை 12, திங்கள்

ஜூன் 21இல் கொரோனாப் பயணத்தடையைத் தளர்த்தினார்கள். மாகாணம் விட்டு மாகாணம் போக இன்னும் விடவில்லை, மாவட்டத்துக்குள் போய்வரலாம். ஆனாலும் படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில், பலர் ஆற்றைக் கடக்கத் தயங்குகிறார்கள். மே மாதம் அடையாள அட்டையின் கடைசி இலக்கம் பார்த்து வெளியே விட்ட நாட்கள் மனதைவிட்டுப் போகவில்லை. போதாததற்கு டெல்டா திரிபு நாட்டுக்குள் வந்துவிட்டது என்று ஜூன் நடுப்பகுதியில் வந்த செய்தி. அப்படித் தயங்குகிறவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு. மண்டூரில் தொடங்கி, குருமண்வெளிப் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி, களுவாஞ்சிகுடியில் பஸ் எடுத்து, மட்டக்களப்பு டவுனில் வேலை முடித்து, பின்னேரத்துக்குள் வீடு திரும்பும் வழி. புதன்கிழமைப் பயணம், அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களும் இதில் வரும். பதற்றம் அதிகம் பிடிப்பது அந்த நாட்களில்தான்.

முதலில் ஒரு தாளில் டவுன் வேலைகளை எழுதுங்கள். பிறகு களுவாஞ்சிகுடியிலேயே முடிகிறவற்றை வெட்டுங்கள். ஆதார வைத்தியசாலை, வங்கி, பார்மசி, ஃபோன் திருத்தும் கடை எல்லாம் அங்கே உண்டு. வெட்டி முடிந்ததும் டவுனுக்கென்று மிஞ்சுவது பெரும்பாலும் இரண்டு, மூன்றுதான்: குறிப்பிட்ட கிளையில் மட்டும் செய்யக்கூடிய வங்கி அலுவல், கண்ணாடி, போதனா வைத்தியசாலைக் கிளினிக். மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். நாலாவது வேலைக்கு ஓடும்போதுதான் முகக்கவசம் மூக்குக்குக் கீழே இறங்கும், சாப்பாடு பிந்தும், கடைசியில் நெருக்கமான பஸ்ஸில் ஏறவேண்டி வரும்.

எந்த நாள் என்று தெரிவுசெய்வதும் பாதி வேலை. ஓய்வூதியம் எடுக்கும் நாட்களில் வங்கி வாசல் நிரம்பி வழியும். வருகிற 21ஆம் திகதி ஹஜ்ஜுப் பெருநாள். அதற்கு முந்திய நாலைந்து நாளும் காத்தான்குடிக் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இராது, பஸ்ஸும் அதற்குள்ளால்தான் ஊரவேண்டும். அதனால் புதன் 14. போகிற வழியில் எந்தக் கிராம சேவகர் பிரிவாவது முடக்கத்தில் இருக்கிறதா என்று பொது சுகாதார பரிசோதகரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். பேஸ்புக்கில் சுற்றும் பட்டியல் போன வாரத்தினதாகவும் இருக்கலாம், வேறு மாவட்டத்தினதாகவும் இருக்கலாம்.

தனியே போவதா, துணையோடா? ஒருவர் துணை போதும். மூன்று பேர் என்றால் ஓட்டோவில் நெருக்கம், கடையில் பேச்சு. புறப்பட முன் ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்: இருவரில் யார் "திரும்புவம்" என்று சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்காமல் திரும்பவேண்டும். இந்த உத்தரவாதம் இருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

ஜூலை 13, செவ்வாய்

பை கட்டும் நாள். ஆளுக்கு மூன்று சத்திரசிகிச்சை முகக்கவசம்: போக ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒன்று, வியர்வையில் நனைந்தால் மாற்ற ஒன்று. நனைந்தது வடிகட்டாது, முகத்தில் ஒட்டிக்கொண்டு மூச்சு முட்டுவதுபோலவும் காட்டும். "எனக்கு மூச்சு எடுக்க ஏலாமல் வந்திற்று" என்று பஸ்ஸில் பயப்படுகிறவர்களில் பலருக்கு அந்த ஈரத் துணிதான் காரணம். கழற்றியதைப் போட மூடக்கூடிய பொலித்தீன் பை ஒன்று தனியாக வேண்டும்.

முகக்கவசத்தின் தரத்தைப் பற்றி நடக்கும் விவாதத்தில் பாதி, அது முகத்தில் பொருந்துகிறதா என்பதில் நடந்திருக்கலாம். சாதாரண நீல முகக்கவசத்தை எடுத்து, நெடுக்காக மடித்து, காது நாடாவை அது தைத்திருக்கும் ஓரத்துக்குக் கிட்ட முடிச்சுப் போடுங்கள். இரண்டு பக்கமும் அப்படியே. விரித்தால் பக்கத்தில் சின்னப் பை மாதிரி ஒரு மடிப்பு நிற்கும். அதை உள்ளே தள்ளுங்கள். மூக்குக் கம்பியை ஒரு விரலால் கிள்ளாமல், இரண்டு கைச் சுட்டுவிரலாலும் நடுவிலிருந்து கன்னத்துக்கு அழுத்திக்கொண்டு போங்கள். பிறகு உள்ளங்கைகளை ஓரத்தில் பிடித்து ஊதிப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்று அடித்தால் கம்பி சரியில்லை; மூக்குக்கண்ணாடி புகை கட்டுவதும் அதனால்தான். இதற்கு மேலே துணிக்கவசம் ஒன்று போட்டால் இன்னும் இறுகும். கேஎன்95 வைத்திருப்பவர்கள் அதற்கு மேலே எதுவும் போடவேண்டாம், அது தனியே நிற்கும்.

தொற்றுநீக்கி 100 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று இருவருக்குக் காணும். அற்ககோல் 60 வீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று லேபலைப் பாருங்கள். மணக்கிற எல்லாமே தொற்றுநீக்கி இல்லை. கை இரண்டும் நனைய எடுத்து, 20 வினாடியாவது, காயும்வரை தேய்க்கவேண்டும். காயாத கையோடு நெருப்புக்குச்சி தட்டாதீர்கள், கோயிலில் கற்பூரம் கொளுத்தாதீர்கள். வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் விட்ட போத்தலின் மூடி தளர்ந்திருந்தால் அற்ககோல் பறந்து வெறும் வாசம்தான் மிஞ்சும்.

மிச்சம்: ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், சொந்தப் பேனை ஒன்று, மாற்றின காசு, தேசிய அடையாள அட்டை, தடுப்பூசி அட்டை, கிளினிக் கொப்பி, கட்டுச்சோறு. பேனை எதற்கென்றால், கடை வாசல்களில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதும் கொப்பி இருக்கிறது. 'ஸ்டே சேஃப்' கியூஆர் ஒட்டியிருக்கும் இடத்தில் ஃபோனைக் காட்டினால் போதும். மாற்றின காசு நடத்துநரோடு மிச்சத்துக்கு நின்று பேசாமல் இருக்க.

ராத்திரி செய்தி ஏழு மணிக்கு ஒருமுறை பாருங்கள், அதோடு விடுங்கள். எண்ணிக்கையைப் பத்துமுறை பார்த்தாலும் அது மாறாது, நித்திரைதான் போகும். நித்திரை குறைந்த உடம்பு அடுத்த நாள் சும்மாவே படபடக்கும்.

ஜூலை 14, புதன்

காலை ஆறு மணி, மண்டூர்த் துறை. இந்த நாள் முழுவதிலும் ஆபத்து மிகக் குறைந்த இடம் இந்தப் பாதைதான். கூரையில்லை, சுவரில்லை, வாவிக் காற்று நேரே அடிக்கிறது, கடக்க எடுப்பதும் கொஞ்ச நேரம். இருந்தும் பலருக்கு முதல் பயம் இங்கேதான் வருகிறது, ஏனென்றால் வீட்டார் அல்லாத ஆட்கள் கூடி நிற்கும் முதல் இடம் இது. மோட்டார் சைக்கிள்கள் ஏறும்போது ஆட்கள் ஓரக் கம்பியோடு நெருங்குவார்கள். வண்டிகள் ஏறி முடியும்வரை கரையில் நின்று கடைசியாக ஏறினால் அந்த நெருக்கம் இல்லை. காற்று வரும் பக்கத்தில் நில்லுங்கள்; ஜூலையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து வரும், அதாவது மண்டூர்ப் பக்கமாக. கம்பியைத் தொட்டுவிட்டோமே என்று உடனே தொற்றுநீக்கி தேடவேண்டாம். மேற்பரப்பைத் தொட்டுத் தொற்றுவது அரிது என்பது இப்போது தெளிவு, பெரும்பங்கு காற்றுவழிதான். கண், மூக்கு, வாயில் கை வைக்க முன் துடைத்தால் சரி.

இங்கேயே ஒரு கணக்கைச் சொல்லிவிடலாம், மிச்சப் பயணமெல்லாம் இதில்தான் ஓடுகிறது. எந்த இடத்துக்குப் போனாலும் மூன்று கேள்வி: காற்று ஓடுகிறதா, எத்தனை பேர் எவ்வளவு கிட்ட நிற்கிறார்கள், எத்தனை நிமிடம் இருக்கப் போகிறோம். மூன்றும் மோசமென்றால் போகாதீர்கள். ஒன்று மட்டும் மோசமென்றால் மற்ற இரண்டையும் இறுக்குங்கள். கைபிடி, காசு, மரக்கறிப் பை, செருப்பு என்று எல்லாவற்றுக்கும் சமமாகப் பயந்தால் மனம் களைத்துவிடும். களைத்த மனம் குளிரூட்டிய அறைக்குள் போய் அரை மணி நேரம் மூக்கைத் திறந்துகொண்டு இருக்கும்.

குருமண்வெளியிலிருந்து களுவாஞ்சிகுடிக்கு ஓட்டோ. பின் சீட்டில் இருவர். பக்க மழைச்சீலை இறக்கியிருந்தால் இரண்டு பக்கமும் சுருட்டச் சொல்லுங்கள்.

களுவாஞ்சிகுடி பஸ் நிறுத்தத்தில் பொறுமை வேண்டும். ஆசன எண்ணிக்கைக்கு மட்டும் ஆட்கள் ஏற்றவேண்டும் என்பது விதி. எல்லாப் பஸ்ஸும் அப்படி ஓடுகிறது என்று சொல்ல முடியாது. ஏ4 வீதி, பின்னால் இன்னொன்று வரும். ஆட்கள் நின்றுகொண்டு வரும் பஸ்ஸை விட்டுவிடுங்கள். குளிரூட்டிய பஸ்ஸையும் விடுங்கள், காசு கூட என்பதற்காக அது பாதுகாப்பாகிவிடாது. நிறுத்தத்தில் ஆட்களுக்காகக் காத்து நிற்கும் பஸ்ஸுக்குள் முதலே போய் இருந்துகொள்ள வேண்டாம். நிற்கிற பஸ்ஸில் காற்று அசையாது, ஓடத் தொடங்கினால்தான் மாறும். பையைச் சீட்டில் வைத்துவிட்டு வெளியே நின்றால் நடத்துநர் ஒன்றும் சொல்லமாட்டார்.

சீட்டு இடது பக்க ஜன்னலோரம். வடக்கே போகும்போது காலை வெயில் வலப்பக்கம், கடல் பக்கமிருந்து அடிக்கும். திரும்பித் தெற்கே வரும்போது பின்னேர வெயிலும் வலப்பக்கம்தான். வெயில் பக்கத்தில் இருக்கிறவர்கள் ஜன்னலைச் சாத்தித் திரைச்சீலையையும் இழுத்துவிடுவார்கள். இடப்பக்கம் போகவும் நிழல், வரவும் நிழல், ஜன்னல் திறந்திருக்கும். முன் கதவுக்கு நேரே பின்னுள்ள சீட்டு வேண்டாம், ஏறி இறங்குகிற எல்லாரும் அதை உரசிக்கொண்டுதான் போவார்கள். மூன்றாவது, நாலாவது வரிசை நல்லது. ஒரு ஜன்னல் மட்டும் திறந்தால் போதாது, எதிர்ப் பக்கத்திலும் ஒன்று திறக்கவேண்டும். சாத்தி வைத்திருக்கும் பெடியனிடம், "மனே, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் தள்ளிவிடு மனே" என்று ஒரு வயதானவர் கேட்டால் மறுக்கிறவர் இல்லை. துணைக்கு மூத்தவர் ஒருவரைக் கூட்டிப்போவதில் இப்படியும் ஒரு பயன்.

களுதாவளை வெற்றிலைக்குப் பேர்போன ஊர். மென்றுகொண்டு முகக்கவசம் போட முடியாது, துப்ப ஜன்னல் வேறு வேண்டும். பக்கத்தில் அப்படி ஒருவர் வந்திருந்தால் பேசாமல் எழும்பி வேறு சீட்டுக்குப் போங்கள். வாக்குவாதம் என்றால் இருவரும் சத்தமாகக் கதைப்பீர்கள், சத்தத்தோடு துளிகளும் கூடும்.

தேற்றாத்தீவு, செட்டிபாளையம், குருக்கள்மடம், கிரான்குளம், தாழங்குடா வரை பஸ் விரைவாக ஓடும், காற்றும் ஓடும். ஆரையம்பதி தாண்டிக் காத்தான்குடிக்குள் நுழைந்ததும் வேகம் குறையும். பதற்றம் ஏறுவதும் பெரும்பாலும் இங்கேதான்: நெஞ்சு அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் விறுவிறுக்கும், தலை சுற்றும். பயத்தில் மூச்சை இழுத்து இழுத்து விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைகிறது. விறுவிறுப்பும் சுற்றலும் அதனால் வருவது. ஆகையால் "ஆழமாக மூச்சை இழு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லும் புத்தி இந்த நேரத்துக்கு உதவாது. செய்யவேண்டியது மறுபக்கம்: மூக்கால் நாலு எண்ணும்வரை மெதுவாக உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. இரண்டு காலையும் தரையில் பதித்து வையுங்கள். வெளியே தெரியும் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வாருங்கள். இப்படி ஐந்து நிமிடம். பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறி, பிறகு இறங்கிவிடும் இயல்புடையது. முகக்கவசத்தைப் பிடுங்கவேண்டும் போலிருந்தால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, ஆளில்லாத பக்கம் போய்க் கழற்றி, தண்ணீர் குடித்து, புதியதைப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறுங்கள். இடையில் இறங்குவது தோல்வியில்லை. ஏறின பஸ்ஸிலேயே டவுன்வரை போயாகவேண்டும் என்று யாரும் சத்தியம் வாங்கவில்லை. ஆனால் நெஞ்சுவலி இடது கைக்கோ தாடைக்கோ ஓடினால், அல்லது இருந்தபடி இருந்தும் மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டிராமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

நாவற்குடா, கல்லடி, 2013இல் திறந்த புதிய பாலம், டவுன். பஸ் நிலையத்துக்குள் நிற்காமல் வெளியே வாருங்கள்.

வங்கிக்கு எட்டே முக்காலுக்குப் போய் வெளியே வரிசையில் நில்லுங்கள். ஒன்பதுக்குத் திறக்கும்போது ராத்திரி முழுக்க ஆளில்லாத காற்று உள்ளே இருக்கும். பதினொரு மணிக்கு அதே அறையில் காலை முதல் வந்துபோன எல்லாருடைய மூச்சும் சுற்றிக்கொண்டிருக்கும், குளிரூட்டி அதைக் குளிராக்குமே தவிர வெளியே தள்ளாது. படிவங்களை நேற்றிரவே நிரப்பியிருந்தால் உள்ளே பத்துப் பதினைந்து நிமிடம்தான். இந்த நாளின் உண்மையான ஆபத்து எது என்று கேட்டால் எங்கள் விடை வங்கி. ஆனால் அந்தச் சாத்திய கண்ணாடிக் கதவைத் தள்ளும்போது பலர் பயப்படுவது கைபிடிக்கு.

வாசலில் நெற்றிக்கு நீட்டும் வெப்பமானி வெயிலில் நடந்து வந்தவருக்குக் கூட்டிக் காட்டும், வியர்த்த நெற்றிக்குக் குறைத்துக் காட்டும். காவலாளி "கொஞ்சம் நில்லுங்க" என்றதும் குலை நடுங்கவேண்டாம். நிழலில் பத்து நிமிடம் நின்று, நெற்றியைத் துடைத்துவிட்டு மறுபடி காட்டுங்கள்.

பதினொன்றரைக்குள் வேலை முடியும். சாப்பாடு கடைக்குள் வேண்டாம். முகக்கவசம் கழற்றி, முகம் பார்த்து, பேசிச் சிரித்து இருக்கும் நேரம் அது. நாள் முழுக்கக் காத்ததை அரை மணியில் விட்டுவிடுவோம். காந்தி பூங்காப் பக்கம் வாவியோரம் நிழல் உண்டு, கட்டுச்சோற்றை அங்கே அவிழ்க்கலாம். துணையோடு போனவர்கள் எதிரெதிரே இல்லாமல் பக்கம் பக்கமாக, கொஞ்சம் தள்ளி இருந்து சாப்பிடுங்கள். 1814இல் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலை கிட்டத்தான் நிற்கிறது. அந்த ஆண்டே தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. நேரமிருந்தால் கோட்டையின் வெளிச்சுவரைச் சுற்றி நடக்கலாம்: போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து ஆண்டில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தது. திறந்தவெளி, காற்று, நடை. வேலை முடிந்ததும் ஓடிவிடாமல் இப்படி இருபது நிமிடம் இருந்துவிட்டு வருவது வீணில்லை. பயந்த இடத்தைவிட்டு ஓடினால் அடுத்த முறை அந்த இடம் இன்னும் பெரிதாகத் தெரியும். கொஞ்சம் தணியும்வரை இருந்துவிட்டு வந்தால் அடுத்த முறை சிறிதாகத் தெரியும்.

ஒன்றரை மணிக்குப் பஸ். அலுவலகம் விடும் நாலு மணிக்கு முன் புறப்படுவதுதான் திரும்புகிற பயணத்தின் முழு விதியும்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பு வெளியே, கை கழுவல், குளிப்பு, உடுப்பு சாதாரண சவர்க்காரத்தில். மரக்கறியைத் தண்ணீரில் கழுவினால் போதும். அதைச் சவர்க்காரத்திலோ குளோரீனிலோ ஊறப்போட்டால் அதுதான் வயிற்றைக் கெடுக்கும். வாசலில் வேப்பிலை கட்டுவதாலும் கொத்தமல்லி அவித்துக் குடிப்பதாலும் கெடுதியில்லை, ஆனால் அவற்றை நம்பி முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். கொதிதண்ணிச் சட்டிக்கு மேல் குனிந்து ஆவி பிடிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், முகம் வெந்துபோகும்.

ஜூலை 15, வியாழன்

தொண்டை காய்ந்திருக்கும். நேற்று வெயில், குறைந்த தண்ணீர், நாள் முழுக்க முகக்கவசம். ஒரே நாளில் அறிகுறி வருவது மிக அரிது. இன்று எழுத வேறொன்றும் இல்லை.

ஜூலை 19, திங்கள்

ஐந்தாம் நாள். தொற்றியிருந்தால் அறிகுறி பெரும்பாலும் இந்த நாளை ஒட்டி வரும். மொத்த எல்லை 2 முதல் 14 நாள். இடைப்பட்ட நாட்களில் மணிக்கொரு தரம் கோப்பித்தூளை மணந்து பார்ப்பதும், அரை மணிக்கொரு தரம் வெப்பமானி வைப்பதும்தான் பதற்றத்துக்குத் தீனி. காலை ஒன்று, இரவு ஒன்று, அவ்வளவே. மற்ற நேரத்தில் வெப்பமானியை வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள்.

இரத்தத்தில் ஒட்சிசன் அளவு பார்க்கும் ஒட்சிமீற்றர் வாங்கியவர்கள் அதிகம், பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஐந்து நிமிடம் இருந்து ஓய்ந்தபின், கை சூடாக, நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் காத்திருங்கள். மாட்டியதும் காட்டும் 91ஐப் பார்த்து அலறியடிக்க வேண்டாம். 95க்கு மேல் வழமை. ஓய்ந்திருந்தும் திரும்பத் திரும்ப அதற்குக் கீழே நின்றால் வைத்தியரிடம் போகவேண்டும். பதற்றத்தில் மூச்சு வாங்கும்போது இந்த எண் விழாது, நாடித்துடிப்புதான் ஏறும். பயத்தையும் நோயையும் பிரித்தறிய வீட்டில் கையோடு கிடைக்கும் அடையாளம் இது. இன்னொன்று காய்ச்சல்: பதற்றத்துக்குக் காய்ச்சல் வராது.

அறிகுறி இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சொல்லிப் பரிசோதனைக்குப் போங்கள். விவரம் கேட்க 1999. அறிகுறி இல்லாதவர் பதற்றத்தைத் தணிக்கவென்று தனியார் ஆய்வுகூடத்தில் அன்டிஜன் பரிசோதனை செய்தால், அந்த நிம்மதி அன்றைய நாளுக்கு மட்டும்தான். அதையும் முதல் நாளோ இரண்டாம் நாளோ செய்தால் காசுதான் நட்டம், கிருமி இருந்தாலும் அந்த நேரத்தில் காட்டாது.

நித்திரை வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வீட்டு வாசலையே தாண்டமுடியவில்லை என்று இரண்டு வாரம் போனால் அது பயணப் பயம் மட்டுமல்ல. தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம். கிளினிக்குக்குப் போகிறவர்கள் அங்கேயே வைத்தியரிடம் சொல்லலாம், தனியாக ஒரு நாள் தேவையில்லை.

ஜூலை 28, புதன்

பதினாலு நாள் முடிந்தது. பையை அவிழ்த்து அடுத்ததற்கு நிரப்பும் வேலை: முகக்கவசம் ஆறு, தொற்றுநீக்கிப் போத்தலை மேலே வரை, பேனை. சினோபார்ம் முதலாவது ஊசி போட்டவர்கள் நாலு வாரத்தில் வரும் இரண்டாவது திகதியை அட்டையில் பாருங்கள். பாதுகாப்பு முழுதாக ஏற அதன் பின்னும் இரண்டு வாரம் எடுக்கும், அவசரமில்லாத டவுன் வேலையை அதற்குப் பிறகு தள்ளலாம். தள்ள முடியாதவர்கள் ஓகஸ்ட் 8ஐ ஒட்டிப் போகாதீர்கள், அன்று ஆடி அமாவாசை. அதற்கு முந்திய செவ்வாய் அல்லது புதன், அதே ஆறு மணிப் பாதை, அதே இடப்பக்கச் சீட்டு.